காண்ட்ராக்டர் இல்லாமல் வீடு கட்டலாமா? முடிவெடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் வீடு கட்டத் தொடங்குகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் காண்ட்ராக்டரிடம் ஒப்படைப்பதா, அல்லது சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொடுத்து மேஸ்திரியிடம் லேபர் காண்ட்ராக்ட் மட்டும் விடுவதா என்பதை. இரண்டாவது வழியில் பணம் மிச்சமாகும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் காண்ட்ராக்டர் பெறும் லாபத்தில் ஒரு பகுதி, உரிய பொருளையும் ஆளையும் உரிய நாளில் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலியாகும். அந்த வேலை நம்மால் ஆகுமா என்பதைக் கீழ்க்கண்டவாறு சோதித்துப் பார்க்கலாம்.

படி 1: விலை கேட்பதற்கு முன்பே கட்டமைப்புப் பொறியாளரிடம் கம்பி விவரங்களுடன் கூடிய வரைபடத்தைப் பெறுங்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தச் செலவைக் குறைக்கக் கூடாது.

படி 2: அதைக் கொண்டு பொருள்களின் அளவை நீங்களே கணக்கிடுங்கள். 1,000 சதுர அடியில் 5 அங்குலக் கனமுள்ள மேல்தளத்துக்கு ஏறத்தாழ 11.8 கன மீட்டர் காங்கிரீட் தேவைப்படும். 1:1.5:3 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி என்ற விகிதம்) ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை என்று கொண்டால், பீம்களைச் சேர்க்காமலே 95 மூட்டை சிமென்ட் வேண்டும். கம்பிக்கும் கணக்கு உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும். லோடு இறங்கும்போது இதைச் சரிபார்க்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்பதும் இந்தச் சோதனையில் அடங்கும்.

படி 3: ரூஃப் காங்கிரீட் போடும் நாளை மணிவாரியாகத் தாளில் எழுதுங்கள். முடிவைப் பெரும்பாலும் இந்தத் தாளே சொல்லிவிடும். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, பொறியாளர் பார்வையிட்டு, எலக்ட்ரீஷியன் குழாய்களையும் ஃபேன் பாக்ஸ்களையும் பொருத்தி முடித்த பிறகுதான் காங்கிரீட் போட முடியும். எலக்ட்ரீஷியன் அன்று வராவிட்டால், மிக்சரும் வைப்ரேட்டரும் அத்தனை ஆட்களும் காத்திருக்க, அந்த நாள் கூலி உங்கள் தலையில் விழும். காங்கிரீட் பாதியில் இருக்கும்போது ஜல்லி தீர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். முதலில் போட்ட பகுதி இறுகிய பிறகு அடுத்ததைப் போட்டால் அந்த இணைப்பின் வழியே நீர் கசியக்கூடும். இத்தகைய நேரத்தில் ஐந்து பேருக்கு ஃபோன் செய்து ஆளையும் லோடையும் வரவழைக்க உங்களால் முடியுமா என்று நேர்மையாக யோசியுங்கள்.

படி 4: உங்கள் வேலை நாட்களைக் கணக்கில் எடுங்கள். இன்று பரவலாகக் கிடைக்கும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா சிமென்ட்) போன்ற கலப்புச் சிமென்டில் போட்ட காங்கிரீட்டைக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும், அதாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456. காலையும் மாலையும் அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இந்த இடத்திலேயே காண்ட்ராக்டரை முடிவு செய்துவிடுவது நல்லது.

படி 5: கைப்பணத்தைப் பாருங்கள். வங்கிக் கடன் பொதுவாக ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே தவணையாக வரும். சிமென்டுக்கும் கம்பிக்கும் அதற்கு முன்பே பணம் வேண்டும். சென்ட்ரிங் பலகை, மிக்சர் வாடகை, தொழிலாளிக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பவற்றையெல்லாம் மேஸ்திரியுடன் எழுத்தில் பேசி முடியுங்கள்.

இவற்றில் மூன்றாவதும் நான்காவதும் உங்களால் ஆகாது என்று தோன்றினால், மேல்தளம் முடியும் வரை காண்ட்ராக்டரிடம் விட்டு, டைல்ஸ், பெயின்டிங், குளியலறைச் சாதனங்கள் ஆகியவற்றை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டைல்ஸ் ஒரு வாரம் தாமதமாக வந்தால் குடிபோகும் நாள்தான் தள்ளிப்போகும். கட்டடத்தின் வலிமை குறைந்துவிடாது.