மாத்திரையால் உடம்பு கெட்டுப் போனால் சட்டப்படி என்ன செய்யலாம்

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, அந்த மாத்திரை போட்டதுலேர்ந்து உடம்பெல்லாம் கொப்புளம். யார் மேல கேஸ் போடுறது?" என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உயிர். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன், யூரிக் ஆசிடுக்குக் கொடுக்கும் அல்லோபியூரினால் போன்றவை ஆரம்பித்த சில வாரங்களில் காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண், கொப்புளம் என்று வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஸ்டான்லி பக்கத்தில்தான் இருக்கிறது. கேஸ் அப்புறம்.

போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் அட்டையை முழுசாக வாங்குகிறவர்கள் குறைவு. நாலு கொடுங்க, ஆறு கொடுங்க என்பார்கள். கத்தரியால் வெட்டிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பது வழக்கம். பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் அச்சடித்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். பிறகு எந்தக் கம்பெனி மருந்து என்று காட்டக்கூட கையில் ஒன்றும் இருக்காது. அதனால் நாலு மாத்திரை என்றாலும் பேட்ச் நம்பர் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். மீதி மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

பக்கவிளைவு வந்தது என்பது மட்டுமே வழக்காகாது. யாரோ செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருக்க வேண்டும். சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியும் டாக்டர் அதையே எழுதினாரா? கடையில் வேறு மருந்தை மாற்றிக் கொடுத்தார்களா? சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் மருந்தை விற்றார்களா? தெரிந்த ஆபத்தைக் கம்பெனி மறைத்ததா? இதில் கம்பெனியைப் பிடிப்பதுதான் கஷ்டம். டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்தென்றால், டாக்டருக்கு முறையாக எச்சரிக்கை கொடுத்திருந்தாலே, எச்சரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டிலிருந்து கம்பெனி தப்பிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

நஷ்டஈடு வேண்டுமென்றால் சாதாரண மக்களுக்கு நல்ல வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. மருந்துக்கும் சிகிச்சைக்கும் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள்.

எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி சிகிச்சை இந்த ஆணையத்துக்குள் வராது. 1995ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதற்கு சிவில் கோர்ட், அல்லது பாரிமுனை ஹைகோர்ட்டில் ரிட் மனு, அதாவது அரசின் மேல் நேரடியாகப் போடும் மனு. செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100ல் கேளுங்கள்.

டாக்டர் மேல் ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமென்றால் அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அங்கே பணம் கிடைக்காது. மருந்தே போலியோ என்று சந்தேகம் என்றால் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. போலீஸ் கேஸ் அவ்வளவு சுலபமில்லை, வேறொரு டாக்டரின் கருத்து இல்லாமல் நகராது.

வழக்குப் போடாவிட்டாலும், மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் அரசு உதவி எண் 1800-180-3024ல் பக்கவிளைவைத் தெரிவியுங்கள். நோயாளியே சொல்லலாம். இப்படிச் சேரும் தகவல்களை வைத்துத்தான் மருந்தின் எச்சரிக்கையை மாற்றுகிறார்கள். நம் தெருவிலிருந்து யாரும் சொல்லாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

இதற்கிடையில், "பில்லைத் தள்ளுபடி பண்றோம், புகார் இல்லைன்னு எழுதிக் கொடுங்க" என்று யாராவது கேட்டால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.