டிப்ரஷன் கிளாஸ்: அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

1930-களின் பெருமந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஓட்ஸ் பெட்டிக்குள்ளும் சினிமா டிக்கெட்டோடும் இலவசமாகக் கிடைத்த கண்ணாடித் தட்டு, கிண்ணங்கள்தான் டிப்ரஷன் கிளாஸ். ஹாக்கிங், ஜெனட், ஃபெடரல், ஹேசல்-அட்லஸ் ஆலைகள் இயந்திர அச்சில் அழுத்தி எடுத்துத் தள்ளின.

முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அச்சு இணைப்புக் கோடு, சின்னக் குமிழி, வைக்கோல் போன்ற கீற்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். மலிவுத் தயாரிப்பின் தழும்புதான். ஆலை முத்திரையைத் தேடாதீர்கள், பெரும்பாலானவற்றில் கிடையாது. கண்ணாடியில் பதிந்த வேலைப்பாட்டைப் பாருங்கள். ஜெனட்டின் 'செர்ரி பிளாசம்' வகைக்கு 1970-களிலேயே நகல்கள் வந்துவிட்டன. பலவற்றில் இலை நரம்புகள் மழுங்கியிருக்கும்.

புற ஊதா டார்ச்சில் பச்சைக் கண்ணாடி பளீரென ஒளிர்ந்தால் யுரேனியம் இருக்கிறது. ஆனால் அது வயதுக்குச் சான்றல்ல. யுரேனியக் கண்ணாடி இன்றும் தயாராகிறது.

மங்கலாக இருந்தால் வினிகரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். உப்புப் படிவு என்றால் கரையும். நனைத்தால் தெளிந்து, காய்ந்ததும் மீண்டும் மங்கினால் மேற்பரப்பே அரித்துவிட்டது. கழுவித் திருத்த முடியாது. (எண்ணெய் தடவி இதை மறைத்து விற்பவர்களும் உண்டு.) பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரச் சோப்புதான் பெரும்பாலும் காரணம். கொதிநீரும் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.