குடைமிளகாய் சிவக்க மாட்டேன் என்கிறதா? பங்குனி வெயிலுக்குள் பழுக்கவைக்கும் வழி

திருநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நிழல்வலைக் குடில் போட்டு மூன்று வருடமாகக் குடைமிளகாய் வளர்க்கிறேன். முதல் இரண்டு வருடம் பச்சைக் காய்க்குக் குறைவே இல்லை, ஆனால் சிவப்பாக ஒன்றுகூடத் தேறவில்லை. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்ததுதான் தப்பு. அவர்களுக்குப் பருவம் முடிகிறது என்றால் பனி வரப்போகிறது என்று அர்த்தம், அதனால் மூடு, சூடு கொடு என்பார்கள். மதுரையில் பருவத்தை முடித்துவைப்பதே வெயில்தான். (கொடைக்கானல்காரர்கள் இந்தப் பதிவை விட்டுவிடலாம், உங்கள் கதை வேறு.)

காயில் பச்சையம் கரைந்து கேப்சாந்தின் என்கிற சிவப்பு நிறமி சேர்வதுதான் பழுப்பது. அதற்கு 20 முதல் 25 டிகிரி வரை தோதான சூடு. 30-ஐத் தாண்டினால் வேலை மந்தமாகும், 35-ஐத் தொட்டால் திட்டுத்திட்டாக நின்றுவிடும். ஒரு வெப்பமானி வாங்கிக் குடிலுக்குள் தொங்கவிட்டேன். மார்ச் மாதம் மதியம் இரண்டு மணிக்கு 38 காட்டியது. அப்புறம் எங்கே சிவக்கும்?

1. தலையைக் கிள்ளுங்கள்

முழு அளவுக்கு வந்த பச்சைக் காய் சிவக்க மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால் மாசி பிறந்ததுமே நுனிக் கொழுந்துகளையும் பூக்களையும் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகளையும் எடுத்துவிடுங்கள். மனசு வராதுதான். ஒரு செடிக்கு ஐந்தாறு காய் போதும். காயை மறைக்கும் இலையில் மட்டும் கை வைக்காதீர்கள், வெயில் பட்டால் சிவக்கும் என்று நான் இலையைப் பறித்ததில் காயின் தோள் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆனதுதான் மிச்சம்.

2. உரம், தண்ணீர்

தழைச்சத்து தரும் எதையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் செடி திரும்பக் கொழுந்துதான் விடும். சாம்பல் போடச் சொல்வார்கள். எங்கள் போர் தண்ணீரே உப்பு, அதோடு சாம்பலும் சேர்ந்தால் மண் தாங்காது என்று நான் போடுவதில்லை. தண்ணீரைக் குறைத்தால் சீக்கிரம் பழுக்கும் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் நிறைய ஊற்றினேன், நான்கு காய்க்கு அடிப்பக்கம் கறுத்து அழுகிப்போனது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், தினமும் ஒரே அளவு.

3. குடிலைக் குளிர வையுங்கள்

மேற்குப் பக்கத்துக்கு மட்டும் இரண்டாவது அடுக்காக, வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டினேன். தரையில் பழைய சணல் சாக்கை விரித்து உச்சிவெயிலுக்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் போட்ட குடில் என்றால் பக்கவாட்டைச் சுருட்டிக் கட்டுங்கள். என்னைக் கேட்டால் மதுரை மாடிக்குப் பிளாஸ்டிக் தாள் ஐப்பசி மழையோடு சரி, அதற்கு மேல் காசுக்குக் கேடு.

4. எப்போது பறிப்பது

நான் சறுக்கியது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன வருடத்துக்கு முந்தைய வருடம், வெயில் ஏறுகிறதே என்று இருபது பச்சைக் காயையும் பறித்து, அரிசி டிரம்முக்குள் இரண்டு வாழைப்பழத்தோடு போட்டு மூடினேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் வாழைப்பழம் கறுத்துக் குழைந்திருந்தது, குடைமிளகாய் பாட்டி கன்னம் மாதிரிச் சுருங்கி அதே பச்சையில் கிடந்தது. மாங்காய், தக்காளி போல இது பறித்த பிறகு தானாகப் பழுக்கிற ஜாதி இல்லை. செடியிலேயே நிறம் மாற ஆரம்பித்திருந்தால்தான் வீட்டுக்குள் மீதி வேலை நடக்கும்.

அந்த ஆரம்பத்தைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. முதலில் சிவப்பு தெரியாது. பச்சை கொஞ்சம் அழுக்கேறின மாதிரி மங்கி, எங்காவது ஓரிடத்தில் சாக்லேட் பழுப்பில் கட்டைவிரல் ரேகை அளவு ஒரு கறை விழும். இலையின் பின்னால் இருக்கும் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். நிழலில் அது கறுப்பாகத் தெரியும், அழுகல் என்று நினைத்து நான் இரண்டு காயை எறிந்திருக்கிறேன்! அழுத்திப் பாருங்கள், அழுகல் என்றால் அமுங்கும், இது கல் மாதிரி இருக்கும். அந்தக் கறை காயில் கால்வாசிக்குப் பரவியதும் பறிக்கலாம்.

கையால் இழுக்காதீர்கள், கிளை முறிந்து வந்துவிடும். தையல்காரர்கள் நூல் வெட்டும் சின்னக் கத்தரி போதும், தோட்டக் கடைக் கத்தரியைவிட இதுதான் இடுக்கில் நுழைகிறது. காம்பு ஒரு விரற்கடை இருக்கட்டும்.

5. வீட்டுக்குள்

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மேலே ஈரம் பிழிந்த துணி. எங்கள் வீட்டில் ராத்திரி ஏசி ஓடும் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்தேன், ஏழெட்டு நாளில் முழுச் சிவப்பு. ஏசி இல்லையென்றால் மண்பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். பிரிட்ஜ் மட்டும் கூடாது, 7 டிகிரிக்குக் கீழே போனால் தோலில் குழி விழும், நிறமும் ஏறாது. சிவந்த பிறகு வைத்தாலும் கீழ்த்தட்டில், காய்கறிப் பெட்டியில் வையுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் ஒன்றரை மாதமாகக் காத்திருந்தும் மஞ்சளோடு நின்றுவிட்டது என்றார். விதை உறையைப் பார்க்கச் சொன்னேன், மஞ்சள் ரகம். அது அவ்வளவுதான், பறித்துச் சாப்பிடுங்கள். ஊதா ரகம் வைத்திருப்பவர்கள் நேர்மாறாக அவசரப்படுகிறார்கள், பெரும்பாலும் ஊதா என்பது காய்தான், விட்டுவைத்தால் சிவப்பாகும்.

இன்னொருவர் கார்பைடு கல் வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். பழத்தைப் பழுக்கவைக்க அதைப் பயன்படுத்தச் சட்டப்படியே தடை இருக்கிறது, தவிர வாழைப்பழத்துக்கே மசியாத காய் அதற்கும் மசியாது. கறை விழாத பச்சைக் காய் மிஞ்சினால் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போடுங்கள். எங்கள் வீட்டில் இந்த வருடம் எட்டு காய் அப்படித்தான் போனது.