பழைய காட்டை வரைபடமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அருகே பன்னேர்கட்டா, சாவனதுர்கா பக்கம் நூறு நூற்றைம்பது ஆண்டுக்கு முன் என்னென்ன மரங்கள் நின்றன என்று கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைய உட்காருகிறவர்கள், முதலில் சறுக்குவது ஸ்கேன் செய்த பழைய வரைபடத் தாளை இன்றைய வரைபடத்தோடு பொருத்துவதில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு சர்வே தாள்களுக்கு அடிப்படையான சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகை, சுமார் இரண்டரை நிமிடம் கூடுதலாகக் கணக்கிடப்பட்டிருந்தது. ஓரத்தில் அச்சான எண்களை அப்படியே தட்டினால் காடு முழுவதும் நாலரை கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்துவிடும்.

அதனால் பொருத்தும் புள்ளிகளாக, தாளிலும் இருந்து இன்றும் அசையாமல் இருப்பதைப் பிடியுங்கள்: லால்பாக் பாறைமேல் கெம்பேகவுடா கோபுரம், மலையுச்சிக் கோயில், ஏரிக்கரையின் முனை. ஏரியின் நீர்விளிம்பு வேண்டாம், மழைக்கு மழை அது மாறும். முதல்படி பாலினோமியல் என்ற எளிய பொருத்தும் முறைக்கு 3 புள்ளிகள் போதும் என்று மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் 3 மட்டும் வைத்தால், பொருத்தம் தப்பாக இருந்தாலும் பிழை பூஜ்யம் என்றே காட்டும். தாளை எல்லாப் புள்ளிகளுக்கும் சரியாக வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்ப்லைன் முறையும் அப்படித்தான். 12 புள்ளிகளாவது வைத்து, கூடவே 4 புள்ளிகளைப் பொருத்தத்தில் சேர்க்காமல் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒரு மைலுக்கு ஓர் அங்குலத் தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். அதைவிட நுணுக்கமாக எல்லை வரைவது வீண்.

தமிழர்கள் தனியாக மாட்டிக்கொள்ளும் இடம் மரப்பெயர். பழைய மைசூர் வனப் பதிவில் 'மத்தி' என்று இருந்தால் நமக்கு மட்டிப்பால் தரும் மட்டி மரம் நினைவுக்கு வரும். கன்னடத்தில் அது மருது: கரிமத்தி கருமருது, ஹொளெமத்தி நீர்மருது. மட்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டு மரம். கருமருதோ இலையுதிர்க் காட்டு மரம். ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தால் காட்டின் வகையே மாறிப்போகும். அட்டவணையில் மூன்று பத்தி வையுங்கள்: பதிவில் எழுதியபடி, அன்றைய லத்தீன் பெயர், இன்றைய பெயர். பழைய அனோகைசஸ் என்ற மரப் பேரினம் இன்று, மருது மரங்களின் பேரினமான டெர்மினாலியாவில் சேர்ந்துவிட்டது. மூலப் பத்தியை மட்டும் ஒருபோதும் திருத்தாதீர்கள்.

அளவிலும் கவனம் தேவை. அன்று எழுதியது பெரும்பாலும் அடிமரத்தின் சுற்றளவு. 6 அடிச் சுற்றளவு என்றால் விட்டம் சுமார் 58 சென்டிமீட்டர். சுற்றளவையே விட்டமாக ஏற்றினால் அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு பத்து மடங்கு ஊதிவிடும்.

கடைசியாக, வெட்டிய மரங்களைக் குறித்த வெட்டுப் பதிவேடு விலைபோன மரத்தைத்தான் எழுதியது. சந்தனமும் தேக்கும் ஈட்டியும் மரம் மரமாக வரும். மற்றவை 'விறகு' என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். பதிவில் பெயர் இல்லாத மரம் காட்டிலும் இல்லை என்று கொள்ளாதீர்கள். 'உண்டு', 'இல்லை', 'பதிவில்லை' என மூன்று மதிப்புகள் வைத்து, பதிவில்லாத கட்டத்தில் 0 போடாமல் காலியாக விடுங்கள். வரைபடத்தில் அந்த இடங்களுக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள்.