அடிக்கடி இறங்கிப்போகும் கார் பேட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் நேராகக் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்குவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. பேட்டரி இறங்க மூன்று காரணங்கள்தான் உண்டு. பேட்டரியால் சார்ஜைப் பிடித்து வைக்க முடியவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போதுமான சார்ஜ் தரவில்லை. அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. பின்னிரண்டில் ஒன்று என்றால் புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துவிடும். அடிவரை இறங்கிக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும் என்பதால், அதன் ஆயுளும் சேர்ந்து போகும்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். ஆனால் ஓட்டி வந்து நிறுத்திய கையோடு அளக்காதீர்கள். அப்போது தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ், கெட்ட பேட்டரியையும் நல்லதாகக் காட்டும். இரவு முழுக்க நின்றபின் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. பிறகு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். முழு சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் பலவீனம்.

எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட், ஏசி ஃபேன் இரண்டையும் போட்டுவிட்டுப் பார்த்தால் 13.8 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டர், பெல்ட், வயர் இவற்றைப் பார்க்கவும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். வயரைக் கழற்றும் நொடியில் வோல்டேஜ் எகிறி, வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான இசியூ எரிந்துபோகலாம். மீட்டர் இரண்டு நிமிடத்தில் சொல்வதற்கு அவ்வளவு பெரிய செலவு தேவையில்லை.

பலரும் கோட்டை விடுவது மூன்றாவது காரணத்தில்தான். நிற்கும் காரும் கடிகாரம், அலாரம், இசியூ நினைவகம் இவற்றுக்காகக் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். 50 மில்லிஆம்ப் வரை சரி. 300 மில்லிஆம்ப் போனால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) காலி. சின்ன கார்களில் வரும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்றாம் நாளே திணற ஆரம்பிக்கும்.

அளக்கும் விதம் இது. சாவியை எடுத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளையில் செருகுங்கள். நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். முதலில் சில ஆம்ப் காட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம். இசியூக்கள் தூங்கப் போக 20 முதல் 40 நிமிடம்கூட ஆகும். அதுவரை காத்திருக்காமல் முடிவு சொல்வதுதான் இந்தச் சோதனையின் பெரிய தவறு. மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அளவு அதிகமாக நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்; எதைப் பிடுங்கும்போது சட்டென்று குறைகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. இதற்காகக் கதவைத் திறந்தால் வண்டி மறுபடி விழித்துக்கொள்ளும். அதனால் முன்கூட்டியே கதவைத் திறந்து வைத்து, அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வெளிக்கடையில் மாட்டிய ஸ்டீரியோ, எப்போதும் கரண்ட் வரும் லைனில் இணைத்த டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், அணையாத டிக்கி லைட் இவைதான் வழக்கமான குற்றவாளிகள். எல்லா ஃபியூஸையும் எடுத்தும் குறையவில்லையா? நெகட்டிவ் வயரை முழுதாக விலக்கிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, அது எதிலும் படாமல் சுற்றி வைத்து, மறுபடி அளந்து பாருங்கள். குறைந்தால் ஆல்டர்னேட்டரின் உள்ளே, கரண்டை ஒரே திசையில் விட வேண்டிய டயோடு கசிகிறது.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை மேலோட்டமாகத் துடைத்தால் போதாது. முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவி, கிளாம்ப்பின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, மாட்டியபின் வாசலைன் தடவவும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மூடி திறக்கும் பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். ஆர்ஓ தண்ணீரும் ஆகாது, ஆசிட்டும் ஊற்றக்கூடாது.

இறங்கிய பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்து (அதாவது வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் மூலம் கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்து), பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, சார்ஜரில் 3.5 ஆம்பில் இரவு முழுக்க ஏற்ற வேண்டும். ஜம்ப் கொடுக்கும்போது கடைசி கருப்பு கிளிப்பை இறங்கிய பேட்டரியின் மேல் மாட்டாமல், சற்றுத் தள்ளி எஞ்சின் உலோகத்தில் மாட்டவும். பேட்டரி அருகே தீப்பொறி பறந்தால் ஹைட்ரஜன் வாயு பற்றிக்கொள்ளும்.

மூன்று வாரத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். மறுபடி மாட்டும்போது ஆடியோ சிஸ்டம் ரகசிய எண் கேட்கும் காராக இருந்தால் அந்த எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாமல் திறக்காது என்பதால், எலக்ட்ரிக் லாக் உள்ள டிக்கிக்குள் சாவியை வைத்து மூடிவிடாதீர்கள்.