கருவின் மூளையும் ஆன்டி ஆக்ஸிடன்ட் டப்பாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், கீழக்கரைப் பக்கம் மாசமாக இருக்கும் பெண்ணைப் பார்க்கப் போகிறவர்கள் மாதுளை, பேரீச்சம்பழம் வாங்கிப் போவது வழக்கம். இப்போது சில வீடுகளில் ஸ்பைருலினா, கடற்பாசி மாத்திரை என்று ஏதாவது ஒரு டப்பாவும் சேர்ந்துகொள்கிறது. ‘ஃப்ரீ ராடிக்கலை ஒழித்தால் பிள்ளைக்கு மூளை நன்றாக வளரும்’ என்பது நம்பிக்கை. ஃப்ரீ ராடிக்கல் என்பது உடலில் உண்டாகி மற்றவற்றோடு எளிதில் வினைபுரியும் மூலக்கூறு; அதை அடக்குவதுதான் ஆன்டி ஆக்ஸிடன்ட்.

பெரிய தவறு அந்த ‘ஒழித்தால்’ என்பதில்தான் இருக்கிறது. கருவின் செல்களில் நாக்ஸ் என்ற நொதிகள் உண்டு. சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்குவதே அவற்றின் வேலை. அது சட்டென்று ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறிவிடும். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதேதான். செல்லுக்குள் இருப்பது மிகச் சொற்பம். அந்தச் சொற்பம் சில புரதங்களில் இருக்கும் கந்தகத்தைத் தொட்டு, அவற்றின் வேலையை மாற்றுகிறது. வேலை முடிந்ததும் செல்லே அந்தப் புரதத்தைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். நரம்பு செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் பெருகுவதிலும் நரம்பிழைகள் நீள்வதிலும் இந்தச் சமிக்ஞைக்குப் பங்கு இருக்கிறது.

வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். விழித்திரையில் கிளம்பும் நரம்பிழை மூளையில் தன் இடத்தைத் தேடி வளர்வதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். நாக்ஸை மருந்தால் தடுத்தால் அந்த வளர்ச்சி தடுமாறுகிறது. மீனில் கண்டது மனிதக் கருவிலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் ‘விஷம், துடைத்தெறி’ என்ற பேச்சு தப்பு என்பதற்கு இதுவே போதும்.

சரி, அப்படியானால் கூடினாலும் பரவாயில்லையா? இல்லவே இல்லை. ஹைட்ராக்சில் ராடிக்கல் என்று ஒன்று இருக்கிறது. அது டிஎன்ஏ, கொழுப்பு என்று பார்க்காமல் தாக்கும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டுப் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பமும். சர்க்கரை கூடிய தாய் எலிகளின் கருவில் சூப்பராக்சைடு போன்ற இந்த ஆக்சிஜன் சேர்மங்கள் அளவு மீறி, பாக்ஸ் 3 என்ற மரபணுவின் செயல்பாடு குறைகிறது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் மூடாமல் போகிறது. அந்த எலிகளுக்கு விட்டமின் இ கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது உண்மை. சர்க்கரை நோயுள்ள எலிக்குக் கிடைத்த அந்தப் பலனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொருத்துவது அடுத்த தவறு. 2006-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் சுமார் 2,400 கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு விட்டமின் சி 1,000 மில்லிகிராமும் விட்டமின் இ 400 யூனிட்டும் தினமும் கொடுத்தார்கள். தடுக்க நினைத்தது கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலை. அது குறையவில்லை, எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தன. நெல்லிக்காய், முருங்கைக்கீரை சாப்பிட யாரும் பயப்பட வேண்டாம். பேச்சு டோஸ் டோஸாக விழுங்குவதைப் பற்றி மட்டும்தான்.

நம் கடலில் பெண்கள் முங்கி எடுக்கும் பாசி பெரும்பாலும் அகர், ஆல்ஜினேட் என்ற கூழ்மப் பொருள்களைத் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகிறது. ‘நம்ம ஊர்ப் பாசிதானே’ என்று கர்ப்பிணிகள் அதைப் பவுடராக்கிச் சாப்பிடுவது வேண்டாம். சில பாசிகளில் அயோடின் மிக அதிகம். அது எல்லை மீறினால் சிசுவின் தைராய்டைப் பாதிக்கும். மூளை வளர அந்தத் தைராய்டு ஹார்மோன் வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. டப்பாவுக்குக் காசு செலவழிப்பவர்கள் நரம்புக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். கரு உண்டாகி 28 நாளுக்குள் நரம்புக் குழாய் மூடிவிடும்; நாள் தள்ளிப்போனது உறுதியாவதற்கே அவ்வளவு நாள் ஆகிவிடுகிறது. குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தவுடனேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அதை ஆரம்பித்துவிடுங்கள், சர்க்கரையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது டப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.