முடி கொட்டுகிறதா? மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்பார்கள் பாட்டிகள். சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் கணக்கு சரி. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறியிருப்பதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் நிற்கும். ஜடை தடிமனாகத் தெரியும். பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்க, அந்த முடியெல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்தி ஓய்வுக்குப் போகிறது. ஓய்வுக் கட்டம் சுமார் மூன்று மாதம். அது முடியும்போதுதான் பாத்ரூம் வடிகால் சல்லடை அடைத்துக்கொள்கிறது.

இது புரியாமல் செய்கிற பெரிய தவறு, கொட்டுகிற வாரத்தில் எது புதிதோ அதன்மேல் பழி போடுவது: புது ஷாம்பு, போர் தண்ணீர், ஏன், தாய்ப்பால்கூட. டெங்குவோ பட்டினி டயட்டோ ஆனாலும் இதே கதைதான். காரணம் வந்து போய் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விளைவு தெரியும்.

உதிர்ந்த முடியின் அடிமுனையில் வெள்ளையாக ஒரு சின்ன குமிழ் இருக்கும். "வேரோடு வந்துவிட்டது" என்று பயந்து, தலைக்குக் குளிப்பதையே தள்ளிப்போடுவார்கள். முடி முளைக்கிற வேர்ப்பை உள்ளேதான் இருக்கிறது. அந்தக் குமிழ் ஓய்வு முடிந்த முடியின் அடையாளம். தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நான்கு நாள் குளிக்காமல் இருந்தால் நான்கு நாள் பாக்கியும் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

ஆண்களின் வழுக்கை வேறு ரகம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.ஹெச்.டி. என்ற ஹார்மோன், நெற்றியோரத்திலும் உச்சியிலும் வேர்ப்பைகளை ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் சுருக்குகிறது. அங்கே முடி மெலிவதைப் பார்க்காமல், தலையணையில் கிடப்பதை எண்ணிக்கொண்டு காலம் கடத்துவதுதான் தவறு. மொட்டை போட்டாலும் அடர்த்தி கூடாது. வெட்டிய முனை குத்துவதால் அப்படித் தோன்றும். அப்புறம், முடி வளர்வதற்கான மினாக்சிடில் மருந்தைத் தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கொட்டல் கூடலாம். பழைய முடியைத் தள்ளிப் புதுசு கிளம்புகிறது. பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பிரசவத்துக்குப் பின் கொட்டியது பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் பாருங்கள். ஆனால் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அது தைராய்டு முடிவையே மாற்றிக் காட்டக்கூடும்.